மவுண்ட் ஐசா, டிசம்பர் 24

கடையிலிருந்து வீடு வருவதற்குள்
காரின் பின்னிருக்கையில்
மெழுகுவர்த்திகள் ஆறும் குனிந்துவிட்டன.
ஒன்று இன்னொன்றின் தோளில் சாய்ந்து
ஒட்டியே போயிற்று.
"ஃபிரிட்ஜில் வை, நிமிரும்" என்றான் ரெய்யோ.
வளைந்தபடியே இறுகின,
வெண்ணெய்க்கும் பன்றித் தொடைக்கும் நடுவே.

வெளியே நாற்பத்திரண்டு டிகிரி.
போர்வையின் இந்த முனைக்கு கிளிப் போடுவதற்குள்
அந்த முனை காய்ந்துவிடுகிறது.
சுரங்கத்தின் புகைபோக்கி மட்டும்
எந்தப் பண்டிகைக்கும் லீவு எடுப்பதில்லை.

ஊர்க்காரர்களுக்கு நாங்கள் பைத்தியங்கள்.
இந்த வெயிலில்
கொல்லைத் தகரக் கொட்டகைக்குள்
அடுப்பு மூட்டி, கல் காய்ச்சி,
வேண்டுமென்றே வியர்க்கிறோம்.
சவுனா சூடேறாத வீட்டுக்குள்
கிறிஸ்துமஸ் வராது, என்ன செய்ய.
பக்கத்து வீட்டு டாரில் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து
"தீயணைப்புக்குச் சொல்லட்டுமா?" என்றார்.
கேட்டுவிட்டு ஒரு பியரை நீட்டினார்.

அங்கே சவுனா முடிந்ததும்
பனியில் விழுந்து புரண்டு கத்துவோம்.
இங்கே இடுப்பில் துண்டோடு
ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்து
அதன் முன்னே சம்மணமிட்டான் ரெய்யோ,
முகமெல்லாம் அந்த மஞ்சள் விளக்கு,
பீடத்தின் முன் அமர்ந்தவன் போல.
சிரித்தேன்.
பாதியில் அது சிரிப்பாக இல்லை.
"கரண்ட் பில்லு" என்று சொல்லிக்
கதவைச் சாத்தினேன்.

எட்டு மணிக்கு அம்மாவுக்கு போன்.
கெமியார்வியில் அப்போது நண்பகல்.
நண்பகல் என்று பேர்தான்,
நீலமாய் ஒரு மங்கல், அவ்வளவுதான்.
"இரு ஆவுலிக்கி, பேசாதே" என்றாள்.
ரிசீவரை ரேடியோ பக்கம் திருப்பினாள்.
துர்க்கு தேவாலய மணி.
ஒன்று, இரண்டு, மூன்று…
ஓர் அடிக்கு எத்தனை சென்ட் என்று
கணக்குப் போட்டபடி நின்றேன்.
பன்னிரண்டு முடிந்ததும்
கிறிஸ்துமஸ் அமைதி தொடங்கியதென்று
ஒரு குரல் வாசித்தது.
அம்மாவின் மூச்சு கேட்டது.
"கல்லறைக்குப் போகணும். பனியைத் தோண்டினால்தான்
உன் அப்பா தெரிவார்" என்றாள்.
வைத்துவிட்டாள்.

இன்னும் சற்று நேரத்தில் அங்கே
கல்லுக்கு ஒரு சுடர்,
பனிக்குள் மஞ்சள் குழிகள்.
இறந்தவர்களை இருட்டில் விட்டுவிட்டு
யாரும் விருந்துக்கு உட்காருவதில்லை.

இந்த ஊருக்கு வந்து நான்கு வருடம்.
சாப்பிடக் கூப்பிட ஆள் உண்டு,
கடன் கேட்க ஆள் உண்டு.
மண்ணுக்குக் கீழே
எங்களுக்கு ஒருவருமில்லை.
இதை உரக்கச் சொல்லிவிட்டேன் போல.
"அது வரம்தானே" என்றான் ரெய்யோ.
வரம்தான்.
கார் சாவியை எடுத்தான்.

செம்மண். சில்வண்டு இரைச்சல்.
பகலெல்லாம் குடித்த வெயிலைக்
கற்கள் இன்னும் கக்கிக்கொண்டிருந்தன.
டார்ச் வெளிச்சத்தில்
அயர்லாந்துப் பெயர்கள், இத்தாலியப் பெயர்கள்,
பெயர் உதிர்ந்த சிமெண்டுப் பலகைகள்.
மூன்றாம் வரிசையில்
ஓர் எழுத்தின் தலைமேல் இரண்டு புள்ளி.
எங்கள் ஆள்.
ஓன்னி சாக்கினென், 1931–1958.
ஓன்னி என்றால் எங்கள் மொழியில்
அதிர்ஷ்டம்.

ஜாம் பாட்டிலுக்குள் மெழுகை நட்டோம்.
மூன்று தீக்குச்சி வீணானது.
ரெய்யோ தொப்பியைக் கழற்றினான்,
தொண்டையைச் செருமினான்.
ஜெபம் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.
"கெமியார்வியில் இப்போது மைனஸ் இருபத்தெட்டாவது இருக்கும்"
என்றான் கல்லைப் பார்த்து.
கொஞ்ச நேரம் விட்டு,
"காற்று இருக்காது. நல்ல குளிர்."

கொசு கடித்தது.
யாரும் கிளம்பவில்லை.
மீதி ஐந்தையும் யாருக்கு வைப்பதென்று
டார்ச்சைத் திருப்பினேன்.
ஒட்டிக்கொண்ட அந்த இரண்டையும்
பிரிக்கப் பார்த்தேன்.
வரவில்லை.